ஒரே கட்டி, பல கோடுகள்: நுரையீரல் கான்டூரிங் ஒப்பீட்டைத் துறைக்குள் நடத்துவது எப்படி?

கதிர்வீச்சு சிகிச்சைத் துறையில் புதிதாகச் சேர்ந்தவர் எம்.டி. மாணவரோ, மருத்துவ இயற்பியலாளரோ, கதிர்வீச்சு அளவைத் திட்டமிடும் டோசிமெட்ரிஸ்ட்டோ, யாராக இருந்தாலும் சில வாரங்களில் ஒன்றைக் கவனித்துவிடுவார். ஒரே நோயாளியின் ஒரே சி.டி. படத்தில் இரண்டு சீனியர் டாக்டர்கள் நுரையீரல் கட்டியின் எல்லையை வரைந்தால் (இதைத்தான் கான்டூரிங் என்கிறோம்), இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று உட்காராது. சில இடங்களில் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருக்கும், சில இடங்களில் இரண்டு சென்டிமீட்டர். அப்புறம் ஒருநாள், “நம்ம துறையில இது எவ்வளவு இருக்குன்னு பார்த்துடலாமே” என்று யாராவது சொல்வார்கள். அந்த வேலை பெரும்பாலும் புதியவர் தலையில்தான் விழும். அப்படி விழுந்தவருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு நல்ல அளவுகோல் நெதர்லாந்திலிருந்து கிடைக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் உள்ள நெதர்லாந்து புற்றுநோய் நிறுவனம் முன்னின்று நடத்திய ஆய்வில், 5 மருத்துவமனைகளைச் சேர்ந்த 11 கதிர்வீச்சு மருத்துவர்கள் 22 நோயாளிகளின் கட்டிகளை வரைந்தார்கள். சி.டி. மட்டும் வைத்து வரைந்தபோது கோடுகளின் சிதறல், அதாவது திட்ட விலக்கம், சராசரியாக 1 சென்டிமீட்டர். ஓராண்டு கழித்து, பெட் ஸ்கேனை (சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடங்களை ஒளிரக் காட்டும் ஸ்கேன்) சி.டி.யோடு பொருத்திக் கொடுத்து அதே நோயாளிகளை அதே மருத்துவர்களிடம் வரையச் சொன்னபோது அது 0.4 சென்டிமீட்டராக இறங்கியது. முடிவுகள் 2006-இல் வெளியாயின. சராசரியைவிட அதற்குள் இருக்கும் விவரம்தான் நமக்கு முக்கியம். கட்டி அடைத்ததால் காற்று போய்ச் சுருங்கிய நுரையீரலை ஒட்டிய எல்லையில் மட்டும் சிதறல் 1.9 சென்டிமீட்டராக இருந்தது. பெட் வந்ததும் 0.5 ஆனது. கட்டிக்கும் காற்று நிறைந்த நுரையீரலுக்கும் நடுவே உள்ள எல்லையில் இவ்வளவு பிரச்சினை ஒருபோதும் இருந்ததில்லை. மருத்துவர்களின் கை நடுங்குவதால் வருவதல்ல இது. எது கட்டி, எது கட்டியல்ல என்று அவரவர் தனித்தனியாக முடிவெடுப்பதால் வருவது.

“சுற்றிலும் கொஞ்சம் மார்ஜின் கூட்டிவிட்டால் போதாதா?” என்று கேட்கத் தோன்றும். போதாது. நோயாளி மேசையில் படுப்பது ஒருநாள் இந்தப் பக்கம், ஒருநாள் அந்தப் பக்கம் என்று மாறும். அந்தப் பிழை 30 நாள் சிகிச்சையில் ஓரளவு சராசரியாகிவிடும். கோடு தப்பாக இருந்தால் அந்தத் தப்பு 30 நாளும் அதே இடத்தில் நிற்கும். வான் ஹெர்க் சூத்திரம் என்று இயற்பியலாளர்கள் பயன்படுத்தும் கணக்கில் இப்படி நிலையாக நிற்கும் பிழையை 2.5-ஆல் பெருக்குவார்கள், தினம் மாறும் பிழையை 0.7-ஆல்தான். படுக்கவைப்பதில் நிலைப்பிழை 3 மில்லிமீட்டர், வரைவதில் 4 மில்லிமீட்டர் என்று வைத்தால் இரண்டும் சேர்ந்து 5; மார்ஜின் 12.5 மில்லிமீட்டர். வரைவதில் மட்டும் அது 10 என்று ஆனால் மார்ஜின் 26 மில்லிமீட்டரைத் தொடும். நெஞ்சுக்குள் அவ்வளவு இடம் கிடையாது. நுரையீரலும் உணவுக்குழாயும் இதயமும் தாங்காது. ஆகவே கோட்டைத்தான் சரிசெய்ய வேண்டும்.

படி 1: எதை ஒப்பிடப்போகிறோம்?

கண்ணுக்குத் தெரியும் கட்டி ஜி.டி.வி. அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கக்கூடிய செல்களையும் சேர்த்தால் சி.டி.வி. மூச்சின் அசைவைச் சேர்த்தால் ஐ.டி.வி. படுக்கவைக்கும் பிழைக்கான இடமும் விட்டால் பி.டி.வி. இந்தச் சொற்களுக்கான உலகப் பொதுவரையறைகள் ஐ.சி.ஆர்.யூ. அமைப்பின் 50, 62, 83 எண்ணுள்ள அறிக்கைகளில் இருக்கின்றன.

ஒப்பிட வேண்டியது ஜி.டி.வி. பி.டி.வி.யை ஒப்பிட்டால் எல்லாக் கோடும் பருத்து, ஒன்றையொன்று நன்றாக மூடிக்கொண்டு, பிரச்சினையே இல்லாத மாதிரி ஒரு நல்ல எண் வரும். அந்த எண்ணை நம்பாதீர்கள். இன்னொன்று: முதன்மைக் கட்டியையும் நிணநீர்க் கணுக்களையும் ஆரம்பத்திலிருந்தே தனித்தனி பெயரில் வரையச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே ஜி.டி.வி.யில் போட்டுவிட்டால் எங்கே கருத்து பிரிந்தது என்று பின்னால் கண்டுபிடிக்க முடியாது.

படி 2: கேஸ் தேர்வு

எளிதான கேஸ்களாகப் பொறுக்கினால் எல்லோரும் ஒத்துப்போவார்கள், யாரும் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள். 6 முதல் 10 கேஸ் போதும். சுற்றிலும் காற்று சூழ்ந்த சிறு கட்டி ஒன்றிரண்டு. மீடியாஸ்டைனத்தை (இரண்டு நுரையீரலுக்கும் நடுவே உள்ள பகுதி) ஒட்டிய பெரிய கட்டி இரண்டு. நுரையீரலின் ஒரு மடல் காற்றுப்போய்ச் சுருங்கிப்போன கேஸ் இரண்டு. மார்புச்சுவரில் ஏறிய கட்டி ஒன்று. உதரவிதானத்துக்குப் பக்கத்தில் மூச்சோடு ஏறி இறங்கும் கீழ்மடல் கட்டி ஒன்று. சந்தேகமான கணுக்கள் உள்ளவை இரண்டு. ஏற்கெனவே சிகிச்சை முடிந்த நோயாளிகளின் படங்களை எடுங்கள். பெயர், எண், பிறந்த தேதி எல்லாவற்றையும் நீக்குங்கள். துறையின் நெறிமுறைக் குழுவிடம் கேட்க வேண்டுமா என்பதைத் தொடங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள், முடித்த பிறகு கேட்டால் சிக்கல்தான்.

படங்களின் தரத்தையும் பாருங்கள். ஸ்லைஸ், அதாவது சி.டி.யின் ஒவ்வொரு குறுக்குவெட்டின், தடிமன் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. 5 மில்லிமீட்டர் ஸ்லைஸில் கட்டியின் மேல், கீழ் முனைகளில் ஒருவர் ஒரு ஸ்லைஸ் கூட வரைந்தாலே அரை சென்டிமீட்டர் போய்விடும். மீடியாஸ்டைனம் கேஸ்களில் நாளங்களைப் பளிச்சென்று காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து கொடுத்து எடுத்த படம் வேண்டும். பெட் ஸ்கேன் சிகிச்சைக்கு முன் ஏறக்குறைய 3 வாரத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும். நுரையீரல் கட்டி காத்திருக்காது, பழைய பெட்டை வைத்து வரைந்தால் பழைய கட்டியைத்தான் வரைவீர்கள். கை மேலே தூக்கிய நிலையில் சிகிச்சைக்குப் படுப்பது போலவே எடுத்த பெட் என்றால் சி.டி.யோடு பொருத்துவதும் சுலபம்.

படி 3: படத்தோடு கூட என்ன கொடுப்பது?

பல ஒப்பீடுகள் இந்த இடத்தில்தான் கெட்டுப்போகின்றன. படத்தை மட்டும் கொடுத்து “வரையுங்கள்” என்பார்கள். நடைமுறையில் எந்த மருத்துவரும் அப்படி வரைவதில்லை. பிரான்கோஸ்கோபியில் (மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) எந்த மூச்சுக்குழாய் அடைத்திருந்தது, ஈபஸ் (மூச்சுக்குழாய் வழியே செய்யும் அல்ட்ராசவுண்ட்) செய்து எந்தக் கணுவில் ஊசி போட்டு மாதிரி எடுத்தார்கள், என்ன ரிசல்ட் வந்தது, பயாப்ஸியில் புற்றுநோய் வகை அடினோகார்சினோமாவா ஸ்குவாமஸா, பெட் அறிக்கை என்ன சொல்கிறது என்று எல்லாம் பார்த்துத்தான் வரைவார்கள். ஒவ்வொரு கேஸுக்கும் அரைப்பக்கக் குறிப்பு தயார் செய்து எல்லோருக்கும் அதையே கொடுங்கள். குறிப்பில் “இடது ஹைலத்தில் (மூச்சுக்குழாயும் நாளங்களும் நுரையீரலுக்குள் நுழையும் இடம்) கட்டி” என்று நீங்கள் ஒரு முடிவை எழுதிவிடாமல், அறிக்கையில் உள்ளதை மட்டும் எழுதுங்கள்.

கணுக்களை எண்ணால் குறிப்பிடுங்கள். நுரையீரல் புற்றுநோய்க்கான பன்னாட்டுச் சங்கம் 2009-இல் வெளியிட்ட வரைபடத்தின்படி 4ஆர், 7, 10எல் என்று எழுதினால் குழப்பமில்லை. “காரைனாவுக்குப் (மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம்) பக்கத்தில் ஒரு நோடு” என்றால் ஆளுக்கொரு நோடைப் பார்ப்பார்கள்.

படி 4: ஒருபக்க விதித்தாள்

முதல் சுற்றில் விதி எதுவும் கொடுக்காமல் அவரவர் பழக்கப்படி வரையவிடலாம். இரண்டாம் சுற்றில் விதித்தாளோடு வரையச் சொன்னால் முன்னேற்றம் தெரியும். எப்படியிருந்தாலும் விதித்தாளை நீங்கள் எழுதியாக வேண்டும். ஐரோப்பிய கதிர்வீச்சு மருத்துவச் சங்கமான எஸ்ட்ரோ 2018-இல் வெளியிட்ட நுரையீரல் வழிகாட்டியை வைத்துத் தொடங்குங்கள், உங்கள் துறைக்கு ஒத்துவருமாறு மாற்றிக்கொள்ளுங்கள். எழுத வேண்டியவற்றில் முதலிடம் விண்டோவுக்கு.

விண்டோ என்பது சாம்பல் நிறங்களை எந்த எண்களுக்கிடையே விரிப்பது என்ற தேர்வு. ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் காற்று -1000, தண்ணீர் 0, தசையும் கட்டியும் 30 முதல் 60 வரை. நுரையீரல் விண்டோவுக்கு அகலம் 1600, மையம் -600. மீடியாஸ்டைனத்துக்கு அகலம் 400, மையம் 20. முதலாவதில் -1400-இலிருந்து 200 வரை எல்லாம் சாம்பலில் விரியும், இரண்டாவதில் -180-இலிருந்து 220 வரை மட்டும். நுரையீரலுக்குள் இருக்கும் கட்டியை மீடியாஸ்டைனம் விண்டோவில் பாருங்கள்: ஓரத்தில் காற்றும் திசுவும் கலந்த பகுதி முழுக்கக் கறுப்பாகிவிடும், கட்டி சுருங்கித் தெரியும். அதே படத்தை நுரையீரல் விண்டோவுக்கு மாற்றினால் அந்த ஓரம் திரும்ப வரும், வேர் விட்டது போன்ற கீற்றுகளும் தெரியும். மறுபுறம் அதே நுரையீரல் விண்டோவில் மீடியாஸ்டைனம் முழுதும் ஒரே வெள்ளைத் திட்டாக நிற்கும், நாளம் எது கணு எது என்று பிரியாது. ஆகவே விதி: நுரையீரலைப் பார்த்த ஓரத்துக்கு நுரையீரல் விண்டோ, மீடியாஸ்டைனத்தையும் மார்புச்சுவரையும் பார்த்த ஓரத்துக்கு மீடியாஸ்டைனம் விண்டோ. ஒரே கட்டிக்கு இரண்டையும் மாற்றி மாற்றித்தான் வரைய வேண்டும். எண்களை மென்பொருளில் பிரீசெட்டாகவே சேமித்துக் கொடுத்துவிடுங்கள். மவுஸை இழுத்து “கண்ணுக்கு நல்லாத் தெரியுற மாதிரி” வைத்துக்கொள்வது பலருக்கும் பழக்கம், அந்தப் பழக்கமே சில மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குக் காரணம்.

கீற்றுகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதையும் எழுதிவிடுங்கள். கீற்றுகளை ஜி.டி.வி.யில் சேர்க்காமல் சி.டி.வி. மார்ஜினுக்கு விட்டுவிடலாம் என்பது என் கட்சி. அந்த மார்ஜினுக்கு அடிப்படை இருக்கிறது. அறுவை செய்து எடுத்த கட்டிகளை நுண்ணோக்கியில் பார்த்து அளந்த பிரெஞ்சு ஆய்வு 2000-இல் வந்தது. 95 விழுக்காடு நுண்பரவலை மூட அடினோகார்சினோமாவுக்கு 8 மில்லிமீட்டரும் ஸ்குவாமஸுக்கு 6 மில்லிமீட்டரும் வேண்டும் என்று அது காட்டியது. யாராவது கீற்றையும் ஜி.டி.வி.யில் சேர்த்து, மேலே 8 மில்லிமீட்டரும் போட்டால் ஒரே பயத்துக்கு இரண்டு தடவை இடம் விட்டதாகிவிடும்.

அடுத்து பெட். பெட்டின் ஓரம் இயல்பிலேயே மங்கல். பல நிமிடம் எடுப்பதால், இருட்டில் ஷட்டரைத் திறந்துவைத்து எடுத்த படத்தில் ஓடும் பஸ் விளக்கு நீளக்கோடாகத் தெரிவது மாதிரி, மூச்சில் அசையும் கட்டி இழுபட்டுத் தெரியும். பெட்டில் ஒளிர்வை அளக்கும் எண்ணான எஸ்.யூ.வி. 2.5-ஐ எல்லையாக வைத்தால் ஒரு அளவு, உச்சத்தில் 40 விழுக்காட்டை வைத்தால் இன்னொரு அளவு. வண்ண அளவுகோலின் மேல்நுனியை இறக்கினாலே கட்டி ஊதிவிடும். “எங்கே கட்டி இருக்கிறது என்று பெட்டைக் கேள், ஓரம் எங்கே என்று சி.டி.யைக் கேள்” என்பதுதான் புதியவருக்குப் பாதுகாப்பான விதி. மடல் சுருங்கிய இடத்தில் சி.டி. ஓரமே தெரியாது. அங்கே மட்டும் பெட்டின் ஓரத்தை ஏற்றுக்கொள்ளலாம், எந்த அளவுகோலில் என்பதை எழுதிவிட்டு.

கணுக்களுக்கு: குறுக்களவு 1 சென்டிமீட்டர் தாண்டினால் என்ன, பெட்டில் ஒளிர்ந்து ஈபஸ் ஊசியில் ஒன்றும் கிடைக்காவிட்டால் என்ன, ஊசி போடாத ஒளிரும் கணுவுக்கு என்ன என்று மூன்று நிலைமைகளுக்காவது தீர்ப்பு எழுதுங்கள். ஒளிராத கணுத்தொகுதிகளையும் “எதற்கும் இருக்கட்டும்” என்று சேர்க்கும் பழைய வழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் நடந்து 2020-இல் வெளியான பெட்-பிளான் ஆய்வில், பெட்டில் தெரிந்ததை மட்டும் குறிவைத்த குழுவில் நோய் உள்ளிடத்தில் திரும்பும் அபாயம் கூடவில்லை. சீனியரிடம் வாதாட நேர்ந்தால் அந்த ஆய்வைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் கூடுதலாக ஒன்று. காசநோயும் பெட்டில் ஒளிரும். பழைய காசநோய்க் கணுக்கள் மீடியாஸ்டைனத்தில் இரண்டு பக்கமும் சமச்சீராக ஒளிர்ந்தால் ஒருவர் எல்லாவற்றையும் நோய் என்று வரைவார், இன்னொருவர் ஒன்றைக்கூட வரைய மாட்டார். ஐரோப்பிய வழிகாட்டியை அப்படியே எடுத்து ஒட்டினால் இந்த இடத்தில் திணறுவோம். ஊசி போட்டுப் பார்க்காமல் இப்படிப்பட்ட கணுவைச் சேர்ப்பதோ விடுவதோ கூடாது என்று விதித்தாளில் ஒரு வரி இருக்கட்டும்.

படி 5: மூச்சும் அசைவும்

மூச்சின் அசைவோடு சேர்த்து எடுக்கும் 4டி சி.டி. இருந்தால் அது மூச்சுச் சுற்றை வழக்கமாக 10 கட்டங்களாகப் பிரித்துத் தரும். எல்லாக் கட்டங்களிலும் பிரகாசமான புள்ளியை எடுத்துக் கட்டும் எம்.ஐ.பி. படத்தில் வரைந்தால் நேரம் மிச்சம். நுரையீரல் நடுவில் இருக்கும் கட்டிக்கு அது சரி. உதரவிதானம், மார்புச்சுவர், மீடியாஸ்டைனம் பக்கத்தில் சரிவராது. அங்கே கட்டியைவிடப் பிரகாசமான உறுப்பு வந்து மூடிக்கொள்ளும், கட்டியின் ஒரு பக்கம் காணாமல் போகும். அந்தக் கேஸ்களில் ஒவ்வொரு கட்டத்தையும் ஓட்டிப் பார்த்துத் திருத்த வேண்டும். ஒப்பீட்டுக்கு எல்லோரும் ஒரே படத்தொகுதியில் வரைகிறார்களா என்று முதலிலேயே உறுதி செய்யுங்கள். ஒருவர் மூச்சு வெளிவிட்ட கட்டத்திலும் இன்னொருவர் சராசரிப் படத்திலும் வரைந்தால் நீங்கள் அளப்பது மூச்சைத்தான், மருத்துவரை அல்ல.

படி 6: தனித்தனியாக வரையவைத்தல்

இது நிர்வாக வேலை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவருக்கும் தனி நகல். பழைய கோடுகளை அழித்துவிட்டுக் கொடுங்கள். ஒருவர் வரைந்தது இன்னொருவர் கண்ணில் படக் கூடாது. மருத்துவர்களுக்கு ஏ, பி, சி என்று குறியீடு வைத்து, எது யார் என்ற பட்டியலை ஒருவர் மட்டும் வைத்திருக்கட்டும். சீனியரின் கோடு என்று தெரிந்துவிட்டால் கூட்டத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வரைய எடுத்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு ரேடியாலஜிஸ்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2002-இல் வந்த ஒரு பிரெஞ்சு ஆய்வில் ரேடியாலஜிஸ்டுகள் கதிர்வீச்சு மருத்துவர்களைவிடச் சிறியதாகவே வரைந்தார்கள். அதில் இன்னொரு வேடிக்கை: கடினமான கேஸ்களில் ஜூனியர்களின் கோடுகள் சீனியர்களுடையதைவிடச் சிறியதாகவும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும் இருந்தன. ஒத்துப்போவதால் மட்டும் சரியாகிவிடாது என்பதற்கு இது கையில் வைத்துக்கொள்ள வேண்டிய உதாரணம்.

கோடுகள் கைக்கு வந்ததும் கணக்குப் போடும் முன் துப்புரவு செய்யுங்கள். எங்கோ ஒரு ஸ்லைஸில் தவறிப் பட்ட ஒற்றைக் கிளிக், ஒரு பிக்ஸல் அளவில், கட்டியிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு ஸ்லைஸ் விட்டுப்போயிருக்கும். பிரஷ்ஷால் வரைந்ததில் உள்ளே ஓட்டை இருக்கும். இவற்றைத் திருத்தலாமா என்று வரைந்தவரிடமே கேளுங்கள், நீங்களாகத் தொடாதீர்கள்.

படி 7: அளத்தல்

முதலில் வெறும் கனஅளவு. பெரியதை சிறியதால் வகுத்துப் பாருங்கள். இந்த எண் முரட்டுத்தனமானதுதான், ஆனால் எல்லோருக்கும் புரியும். 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கட்டி 113 மில்லிலிட்டர். சுற்றிலும் 5 மில்லிமீட்டர் தாராளமாக வரைந்தால் 180. திரையில் மெல்லிய வளையமாகத் தெரிவது கனஅளவில் பாதிக்கும் மேலே கூட்டிவிடுகிறது.

அடுத்தது டைஸ் எண். இரண்டு கோடுகளுக்கும் பொதுவான பகுதியை இரண்டால் பெருக்கி, இரண்டு கனஅளவுகளின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். முழுதும் ஒத்துப்போனால் 1, தொடவே இல்லை என்றால் 0. எல்லோரும் இதைத்தான் அறிக்கையில் போடுவார்கள், இதில்தான் ஏமாறுவார்கள். 2 சென்டிமீட்டர் கட்டியில் ஒருவர் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் உள்ளே வரைந்தால் டைஸ் 0.84. அதே 1 மில்லிமீட்டர் 6 சென்டிமீட்டர் கட்டியில் 0.95. வரைந்த தரம் ஒன்றுதான், எண் மட்டும் வேறு. சிறு கட்டிகளையும் பெரிய கட்டிகளையும் கலந்து டைஸ் சராசரி எடுத்துப் போடுவதில் பொருளே இல்லை.

அதனால் தூரத்தையும் அளக்க வேண்டும். ஒரு கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மற்ற கோட்டுக்கு உள்ள தூரங்களின் சராசரி ஒன்று. மிக மோசமான இடத்தில் எவ்வளவு என்று சொல்லும் ஹவுஸ்டார்ஃப் தூரம் இன்னொன்று. ஹவுஸ்டார்ஃப் மேலே சொன்ன தவறிய கிளிக்கில் மாட்டிக்கொண்டு பத்து சென்டிமீட்டர் என்று காட்டும், ஆகவே 95 விழுக்காட்டு மதிப்பை, அதாவது 95 விழுக்காடு தூரங்கள் எதற்குள் அடங்குகின்றனவோ அதை, எடுங்கள். இவற்றைக் கணக்கிட 3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருள் போதும்.

எண்களைவிட அதிகம் சொல்லித்தருவது, தூரத்தை எல்லையின் வகைப்படி பிரித்துப் பார்ப்பது. நுரையீரல் பக்கம் எவ்வளவு, மீடியாஸ்டைனம் பக்கம் எவ்வளவு, மார்புச்சுவர் பக்கம் எவ்வளவு, சுருங்கிய மடல் பக்கம் எவ்வளவு, மேல் கீழ் முனைகளில் எவ்வளவு. நெதர்லாந்து ஆய்வு பயனுள்ளதானதே இப்படிப் பிரித்ததால்தான். கையால் செய்ய நேரமாகும், ஆனாலும் செய்யுங்கள்.

யாருடைய கோட்டோடு ஒப்பிடுவது என்ற கேள்வி வரும். சரியான விடை என்று ஒன்று கையில் கிடையாது. ஸ்டேபிள் என்ற கணிப்புமுறை எல்லாக் கோடுகளையும் எடைபோட்டு ஒரு பொதுக்கோடு தரும். அதை ஒப்பீட்டுக்கு ஒரு நடுப்புள்ளியாக வைத்துக்கொள்ளலாம். ஐந்து பேரும் சேர்ந்து தப்பாக வரைந்திருந்தால் அதுவும் அதே தப்பைத்தான் காட்டும்.

படி 8: கூட்டம்

இந்த வேலையின் மையம் இதுதான். முந்தைய படிகள் எல்லாம் இந்த ஒன்றரை மணி நேரத்துக்கான தயாரிப்பு.

ஒரு மாதிரிக் கேஸை எடுத்துக்கொள்வோம். இடது ஹைலத்தில் கட்டி, மேல்மடல் மூச்சுக்குழாய் அடைத்து மடல் முழுதும் சுருங்கியிருக்கிறது. ஐந்து கோடுகளையும் ஐந்து நிறத்தில் போட்டு மேலிருந்து ஸ்லைஸ் ஸ்லைஸாக இறங்குங்கள். அயோர்டா வளைவு மட்டத்தில் ஒரே ஒரு கோடு தெரிகிறது. மற்ற நால்வரும் அங்கே எதையும் வரையவில்லை. நிறுத்திக் கேளுங்கள். வரைந்தவர் சுருங்கிய மடலையே கட்டி என்று எடுத்திருக்கிறார். இப்போது மீடியாஸ்டைனம் விண்டோவில் கான்ட்ராஸ்டைக் கவனியுங்கள்: சுருங்கிய நுரையீரல் கட்டியைவிட நன்றாகக் கான்ட்ராஸ்ட் ஏற்றுக்கொண்டு சற்றுப் பளிச்சென்று இருக்கும், உள்ளே நாளங்கள் கிளைவிட்டு ஓடுவது தெரியும். கட்டி அதைவிட மங்கல், நாளங்கள் அதன் ஓரத்தில் தேய்ந்து நின்றுவிடும். பெட்டைப் போடுங்கள்: ஹைலத்தில் மட்டும் ஒளிர்வு, மடலில் லேசான மங்கல். நான்கு பேர் சொன்னது சரி என்று ஆகிறது.

இன்னும் இரண்டு சென்டிமீட்டர் இறங்குங்கள். இப்போது எல்லாக் கோடுகளும் இருக்கின்றன, நுரையீரல் தமனி பக்கம் 4 மில்லிமீட்டர் சிதறல். யார் தமனிச் சுவரைச் சேர்த்தார், யார் விட்டார் என்பதுதான் வித்தியாசம். கட்டி தமனியில் ஏறியிருக்கிறதா என்ற கேள்விக்கு ரேடியாலஜிஸ்ட்தான் சரியான ஆள். பதிலை விதித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் ஸ்லைஸில் கண்டது முடிவில் வந்த வேறுபாடு. இரண்டாவதில் கண்டது கோட்டில் வந்த வேறுபாடு. ஒரு 4ஆர் கணுவைச் சேர்ப்பதா இல்லையா என்பதும் முதல் வகைதான். கூட்டக் குறிப்பில் இவ்விரண்டையும் தனிப்பட்டியலாக எழுதுங்கள். முதல் வகையைத் தீர்க்க ரிப்போர்ட்டும் ரேடியாலஜிஸ்டும் தேவை, சில சமயம் இன்னொரு ஊசியும். இரண்டாம் வகை, விண்டோவைப் பூட்டினால் பெரும்பாலும் தானே குறையும். நேரத்தை முதல் வகைக்குச் செலவிடுங்கள். ஒரு மில்லிமீட்டர் சண்டையில் அரைமணி நேரம் கரைவது எந்தத் துறையிலும் நடக்கும், தலைமை வகிப்பவர் தயங்காமல் “சரி, அடுத்தது” என்று நகர்த்த வேண்டும்.

யாரையாவது “நீங்கள்தான் அதிகம் விலகியிருக்கிறீர்கள்” என்று எண்ணைக் காட்டிச் சொல்லாதீர்கள். ஏன் அப்படி வரைந்தார் என்று கேளுங்கள்; சில நேரம் அந்த ஒருவர் மட்டும் பிரான்கோஸ்கோபி அறிக்கையை முழுசாகப் படித்திருப்பார்.

படி 9: டோஸில் என்ன ஆகிறது?

இயற்பியலாளருக்கான படி. ஏ-யின் கோட்டுக்குப் போட்ட பிளானை எடுத்து, அதன்மேல் பி-யின் ஜி.டி.வி.யை வைத்து, அதில் எத்தனை விழுக்காட்டுப் பகுதிக்கு, குறித்த டோஸில் 95 விழுக்காடாவது போகிறது என்று பாருங்கள். சில கேஸ்களில் கோடுகள் பயங்கரமாக வேறுபட்டாலும் டோஸ் இரண்டையும் மூடியிருக்கும். சிலவற்றில் 5 மில்லிமீட்டர் வித்தியாசமே கட்டியின் ஒரு மூலையை வெளியே விட்டிருக்கும். சிறு கட்டிக்குக் குறைந்த நாளில் அதிக டோஸ் கொடுக்கும் எஸ்.பி.ஆர்.டி.யில் இது அடிக்கடி, ஏனெனில் அங்கே டோஸ் சட்டென்று இறங்கும். மறுபக்கத்தையும் பாருங்கள்: பெரிய கோட்டால் நுரையீரல் வி20 (20 கிரே அல்லது அதற்கு மேல் டோஸ் வாங்கும் நுரையீரலின் விழுக்காடு) எவ்வளவு ஏறியது, வழக்கமான 35 விழுக்காட்டு வரம்பைத் தாண்டியதா, இதயத்துக்கு எவ்வளவு போனது. தாராளமாக வரைவது பாதுகாப்பு என்று நினைப்பவருக்கு இந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும், பேச்சு தேவையில்லை.

படி 10: மறுசுற்று

நான்கைந்து வாரம் கழித்து அதே கேஸ்களை வரிசை மாற்றி, விதித்தாளோடு திரும்பக் கொடுங்கள். கேஸ்கள் நினைவில் இருக்கும் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதனால் இரண்டு புதிய கேஸ்களையும் கலந்துவிடுங்கள். பழையதில் மட்டும் சிதறல் குறைந்து புதியதில் குறையாவிட்டால் விதியைக் கற்கவில்லை, விடையை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். ஒரே ஆள் தன் பழைய கோட்டிலிருந்தே எவ்வளவு விலகுகிறார் என்பதும் இதில் கிடைக்கும். தன்னோடு தானே 3 மில்லிமீட்டர் விலகுபவரை மற்றவரோடு 1 மில்லிமீட்டரில் ஒத்துப்போகச் சொல்ல முடியாது.

தானாக வரையும் ஏ.ஐ. மென்பொருள் உங்கள் துறையில் இருந்தால் அதை மறுசுற்றில் கலக்காதீர்கள். அது வரைந்த கோட்டை எல்லோருக்கும் கொடுத்துத் திருத்தச் சொன்னால் சிதறல் அழகாகக் குறையும், ஏனெனில் எல்லோரும் அதே கோட்டிலிருந்து தொடங்கி கொஞ்சமாக மட்டும் நகர்த்துவார்கள். இதயம், தண்டுவடம், நுரையீரல் போன்ற நல்ல உறுப்புகளுக்கு அது நன்றாகவே உதவுகிறது. கட்டிக்கு, அதுவும் மடல் சுருங்கிய கேஸில், அது தவறும்போது எல்லோரையும் ஒரே பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அதைச் சோதிக்க வேண்டுமென்றால் தனிச் சுற்று வையுங்கள்: பாதிப் பேருக்கு ஏ.ஐ. கோட்டோடு, பாதிப் பேருக்கு இல்லாமல்.

இவ்வளவுக்கும் பிறகு தினசரி வேலையில் என்ன மாற வேண்டும்? முதல் நாள் சிகிச்சைக்கு முன், பிளான் போடத் தொடங்கும் முன்பே, இன்னொரு மருத்துவர் ஜி.டி.வி.யைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ரேடியாலஜிஸ்ட்ஸ் 2017-இல் இதற்கென்றே வழிகாட்டி வெளியிட்டது. பிளான் முடிந்த பிறகு பார்த்தால், தப்பு தெரிந்தாலும் திரும்ப முதலிலிருந்து செய்ய வேண்டுமே என்று “பரவாயில்லை” போட்டுவிடுவார்கள். நெருக்கடி நாளில் எல்லாவற்றையும் பார்க்க முடியாவிட்டால், மடல் சுருங்கிய கேஸ், கணு சந்தேகம் உள்ள கேஸ், எஸ்.பி.ஆர்.டி. கேஸ் இந்த மூன்றையாவது விடாதீர்கள். ஒப்பீட்டில் எடுத்த பழைய நோயாளிகளில் யாருக்காவது கட்டியின் பகுதி வெளியே விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்தால் அதைக் கோப்பில் அமுக்கிவிடாமல், அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள். அடுத்த ஃபாலோ-அப் ஸ்கேனில் அந்த மூலையை அவர் தனியாகத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.